நாலு கண் கேட்ட அமீனா

மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், காற்றடிக்கிற பம்பு ஒன்றும் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டி ஒன்றும் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கியவன் நான். இன்றைக்கு அந்த மரத்துக்கு எதிரே என் பெயர் போட்ட மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. சிதம்பரம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம், அதிலும் என் பெயர். தேவனாம்பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், அதிலும் என் பெயர். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி. யார் கொடுத்தது என்று படித்துவிட்டுக் குடிக்கட்டும் என்று அதில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னேன்.

படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. அப்பா கட்டுமரக்காரர். என்னையும் கடலுக்கு அழைத்துப் போனார். அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தேன். செம்படவன் வீட்டில் பிறந்து கடலைப் பார்த்து வாந்தி எடுத்த பிள்ளை என்று தேவனாம்பட்டினமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று தரையில் ஓடுகிற வண்டியைப் பிடித்துக்கொண்டேன். புயல் இரண்டு தடவை கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாவது தடவை கான்கிரீட் போட்டேன், முடிந்தால் இதைத் தூக்கிப் பார் என்று. இன்றுவரை தூக்கவில்லை.

இப்படி என் பெயர் இல்லாத இடமே கிடையாது, ஒரு பறவையைத் தவிர. அந்தப் பறவை விஷயத்தை நேர் செய்யத்தான் இந்த வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பறவையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கோர்ட் அமீனாவைச் சொல்லியாக வேண்டும்.

அணா போய் பைசா பழகி, ஊரில் அரிசிக்கு வரிசையில் நிற்கத் தொடங்கிய காலம். மரத்தடியை விட்டு நான் ஒரு தகரக் கடைக்கு வந்திருந்தேன். கடைக்குப் பின்னால் என் குடித்தனம். அதற்கும் பின்னால் அமீனா வீடு. இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே இருந்த மண்சுவர் ஒரு மழையில் விழுந்தது. அவர் எழுப்புவார் என்று நானும் நான் எழுப்புவேன் என்று அவரும் விட்டுவிட்டோம். அதனால் தோட்டம் ஒன்றாகிப் போனது. என்னைவிடப் பெரியவர் என்பதால் அவரை மாமா என்றும் அவர் வீட்டம்மாவை அத்தை என்றும் கூப்பிடுவேன்.

அமீனா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கோர்ட் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், கோர்ட் உத்தரவு போட்டால் வீட்டுச் சாமானை ஜப்தி செய்கிறவர். எங்கள் ஆள் காய்ந்த முருங்கைக்காய் போல இருப்பார். மூடிய கழுத்துக் கோட்டு, தார்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, சைக்கிள் கேரியரில் குடை. அவர் தெருவில் நுழைந்தால் வாசலில் கிடக்கிற உரல்கூட உள்ளே போய்விடும். எந்த வீட்டிலும் அவரை உட்காரச் சொன்னதில்லை. சொன்னால் அந்த நாற்காலியையும் எழுதிக்கொள்வார் என்று பயம்.

இப்படி ஊரே பார்த்து ஒளிந்துகொண்ட மனிதருக்கு, தன்னைக் கண்டு ஒளியாத ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். அவர் பறவை பார்க்க ஆரம்பித்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தேவனாம்பட்டினத்துப் பழைய பங்களா ஒன்றில் துரைக்குச் சமைத்த பட்லரிடமிருந்து ஒரு பைனாகுலர் அவருக்குக் கிடைத்தது. அதில் இடது கண் குருடு. உள்ளே கண்ணாடி கழன்று கடகடவென்று ஆடிற்று. நான்தான் அதைப் பிரித்து, சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிப் போட்டுக் கண்ணாடியை உட்கார வைத்தேன். அதற்கப்புறம் அவர் பார்த்த ஒவ்வொரு பறவையும் பாதி என்னால்தான் பார்க்கப்பட்டது. இதை நான் அப்போதே அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

மறுக்காததற்குக் காரணம் உண்டு. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பறவையைத் தான் மட்டும் பார்த்தால் அது பார்த்ததாகாது. கோர்ட்டு வழக்கம் அது. சம்மனை வாங்க மாட்டேன் என்று ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டால், கதவில் ஒட்டிவிட்டுச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஒட்டினேன் என்று அமீனா தனியாகச் சொன்னால் செல்லாது. வேலையில் பழகிய அந்தக் கையை அவர் பறவையிடமும் நீட்டினார்.

“ரெண்டு கண்ணு பாத்தா அது நெனப்பு. நாலு கண்ணு பாத்தாத்தான் பறவை” என்பார்.

அதோடு விட்டாரா? சாட்சிக்கு நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். மரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போகிற ஆளைக் கூப்பிட்டுப் பைனாகுலரைக் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்பார். நிறம், மூக்கு, வால் எல்லாம் சாட்சி வாயால் வர வேண்டும். தான் பார்த்ததும் அவன் சொன்னதும் ஒத்துப் போனால்தான் பறவையின் பெயரையே உச்சரிப்பார். மாடு மேய்க்கிறவர், பஸ் கண்டக்டர், கோயில் குருக்கள் என்று கடலூரில் அவருக்குச் சாட்சி சொல்லாத ஆள் குறைவு.

ஒருநாள் கெடிலம் கடலில் கலக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். எதிர்க்கரையில் ஏதோ சிவப்பாக அசைந்தது. மீன்கூடையோடு போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் பார்த்து என்ன தெரிகிறதென்று சொல்லச் சொன்னார். அவள் கூடையை இறக்கிவிட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியுதா?”

“தெரியுது சாமி. நல்லாவே தெரியுது.”

“என்ன நெறம்?”

“செவப்புத் துண்டு. வலை பின்னப் போறேன்னு சொல்லிட்டு வந்து படகு நெழல்ல சீட்டாடிக்கினு கீறாரு.”

பைனாகுலரை அவர் கையில் திணித்துவிட்டு, கூடையையும் மறந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனாள். அந்தக் கூடைக்கு நானும் அமீனாவும் காக்கையை விரட்டிக்கொண்டு வெகுநேரம் காவல் இருந்தோம். கண்டவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் குடும்பம் பிரியும் என்று அன்றைக்கு எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் என்னையே நிரந்தரச் சாட்சியாக வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பம்பையும் பஞ்சர்ப் பெட்டியையும் கட்டிக்கொண்டு அவர் பின்னால் கிளம்புவேன். வழியில் சைக்கிள் பழுதானால் பார்க்கவும் நான்தான், பறவை வந்தால் பார்க்கவும் நான்தான். இரட்டை உத்தியோகம்.

ஊர்ஜனங்களுக்கு அவர் பார்ப்பது பறவை என்று எப்படித் தெரியும்? குடிகாட்டுப் பக்கம் ஒரு தடவை போனோம். இப்போது போல அங்கே கம்பெனி ஒன்றும் கிடையாது, சவுக்கும் முந்திரியும்தான். ஒரு களத்தில் காளை ஒன்று படுத்திருந்தது. அதன் முதுகில் ரோஸ் நிறத்தில் மைனா மாதிரி ஒன்று. அமீனா சைக்கிளை விட்டு இறங்கி, கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, காளையைப் பார்த்துப் பைனாகுலரைத் தூக்கினார். களத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டார். கோர்ட் அமீனா தன் காளையை அளவெடுக்கிறார் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. ஓடி வந்து காளையை எழுப்பி ஓட்டினார். பறவை போய்விடுமே என்ற பதற்றத்தில் அமீனா, ஒரு அமீனா வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தையைச் சொன்னார்.

“யோவ், நில்லுய்யா. அந்த மாட்ட ஓட்டாத.”

அவ்வளவுதான். காளை போன திக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் தன் மாட்டை அவிழ்த்தார். அதற்கடுத்த வீட்டில் பித்தளை அண்டா பின்வாசல் வழியாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஊரின் கால்நடை முழுக்கச் சவுக்குத் தோப்புக்குள் நின்றது. நானும் கத்திப் பார்த்தேன். ஜப்தி இல்லை, குருவி பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்றேன். என் முகத்தைப் பார்த்த ஒரு கிழவர், “இவன் சைக்கிள் கடை புளுகனாச்சே, அப்ப நெசமாவே ஜப்திதான்” என்று தன் ஆட்டையும் பிடித்துக்கொண்டு போனார்.

ஆமாம், எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. நான் புளுகன் இல்லை. நடந்ததைக் கேட்பவன் மனதில் நிற்கிற மாதிரி சொல்வேன், அவ்வளவே. வியாபாரம் செய்கிறவன் உள்ளதை உள்ளபடி மட்டும் சொன்னால் கடை தகரத்திலேயே நின்றிருக்கும். ஆனால் அமீனாவிடம் இந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை. அன்று களம் காலியானதும் அவர் நிதானமாக என்னிடம் கேட்டார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன் மாமா. கோழி சைசுல இருந்துது.”

“யோசிச்சு சொல்லு.”

“பெரிய மைனா.”

“இன்னும் யோசி.”

“சரி, மைனா.”

“அப்ப செல்லும்” என்று சைக்கிளில் ஏறினார். என் சாட்சியத்தில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டு மீதியை ஏற்றுக்கொள்வது அவர் வழக்கமாகிவிட்டது. கூழைக்கடாவை நான் எருமைக் கன்று என்பேன். அவர் ஆட்டுக்குட்டிக்கு இறக்கிக்கொண்டு வருவார். கடல்மேல் பறக்கிற ஆலாவைப் பருந்து என்பேன். அவர் என் தோளைத் தட்டிப் புறாவில் கொண்டுவந்து நிறுத்துவார்.

மழைக்காலம் முடிந்ததும் ரயில் பிடித்துக் கிள்ளையில் இறங்கிப் பிச்சாவரம் போவோம். சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் படகு போகும். கடலில் வாந்தி எடுத்தவனுக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அங்கே தில்லை மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. அமீனா படகில் ஏறும்போதே எச்சரித்தார். ஒரு திருப்பத்தில் கிளைக்குப் பின்னால் நாரை ஒன்று நின்றது. அவருக்கு மறைக்கிறதே என்று நான் அந்தக் கிளையை ஒடித்தேன். பால் நேராக என் வலது கண்ணில்.

படகுக்காரர் நல்ல தண்ணீர்க் குடத்தை என் கண்ணில் கவிழ்த்தார். கண் பொங்கி மூடிக்கொண்டது. நான் அலறிக்கொண்டிருக்கும்போதே அமீனா கவலையோடு குனிந்தார். எனக்காகத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

“நாரையப் பாத்தியா?”

“இடது கண்ணால பாத்தேன் மாமா.”

அவர் படகின் நடுவில் உட்கார்ந்து யோசித்தார். “என்னுது ரெண்டு, உன்னுது ஒண்ணு. மூணுதான ஆவுது?”

படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, தன் கண் இரண்டும் சும்மாதான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவரிடம் மூக்கு, கால், நிறம் எல்லாம் விசாரித்தபிறகுதான் அந்த நாரை நத்தைகுத்தி நாரை ஆயிற்று. ஐந்து கண் பார்த்த ஒரே பறவை அதுதான் என்று அமீனா பிறகு பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒற்றைக் கண்ணோடு என்னை வீட்டு வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

அந்தப் பிச்சாவரம் படகுத்துறையில்தான் சிதம்பரத்து வாத்தியார் பழக்கமானார். பெரிய படிப்புப் படித்தவர், பிராணிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். எந்தப் பறவையை எந்த ஊரில் யார் பார்த்தார்கள் என்று இங்கிலீஷில் அச்சடிக்கிற ஒரு சஞ்சிகைக்கு எழுதுவார். அமீனாவின் சட்டத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். எங்களை அடிக்கடி வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பார். அந்தச் சஞ்சிகையில் பார்த்தவர் பெயரையும் போடுவார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அப்போது என் பெயர் கடைத் தகரத்தில் மட்டும்தான் இருந்தது, அதுவும் நானே எழுதியது. அச்சில் ஒரு தடவை வந்துவிட்டால் தேவனாம்பட்டினத்தில் எவனும் சிரிக்க மாட்டான் என்று மனதில் ஆசை விழுந்தது.

இப்போது என் பறவைக்கு வருகிறேன்.

ஐப்பசி அடைமழை. காலையில் கொஞ்சம் விட்டிருந்தது. அமீனா ஊரில் இல்லை. முதல் நாள் சம்மன் கொண்டு நெல்லிக்குப்பம் பக்கம் போனவர் மழையில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டார். என் வீட்டுக்காரி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தியிருந்த ஒரு வாடகை சைக்கிளுக்கு எண்ணெய் விடலாம் என்று போனேன். போனவன் அப்படியே நின்றேன்.

ஹேண்டில் மேல், பெல்லுக்குப் பக்கத்தில், ஒரு மீன்கொத்தி. ஆனால் அப்படி ஒரு மீன்கொத்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வயிறு மஞ்சள். முதுகு ஊதாவா கறுப்பா என்று சொல்ல முடியாத நீலம். மூக்கு பவழம். தலையில் ஆரஞ்சுச் சாயத்தின்மேல் யாரோ கத்தரிப்பூவைத் தேய்த்த மாதிரி ஒரு மினுக்கம். மழையில் அடிபட்டுக் களைத்துப் போய், என்னைப் பார்த்தும் பறக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. மொத்தமே என் கட்டைவிரல் அளவு. கால் விரல்கள் சிவப்பு. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்றுதான். அந்த ஹேண்டிலின் நிக்கலுக்கு முதல் நாள்தான் என் கையால் பாலீஷ் போட்டிருந்தேன். அதனால்தான் விரல் அத்தனை துல்லியமாகத் தெரிந்தது. இதையும் என் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாட்சி வேண்டுமே என்று மெதுவாகக் குரல் கொடுத்தேன். “அத்தை, சீக்கிரம் வாங்க, ஒரு குருவி.”

அடுப்படியிலிருந்தே அத்தை பதில் சொன்னார். “யானை சைசா, ஒட்டகம் சைசாடா?”

வரவில்லை. பறவை ஒரு தடவை தலையை ஆட்டியது, காட்டாமணக்குப் பக்கம் ஒரு கோடு போல நீலமாகப் போனது. அவ்வளவுதான்.

அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை. மூன்று விரல், பவழ மூக்கு, கட்டைவிரல் அளவு மீன்கொத்தி என்றால் யார் நம்புவார்கள்? “ஏன் மச்சான், அது பெல் அடிச்சுதா?” என்று கேட்டான் ஒருவன். இன்னொருவன் வாடகைக்கு எடுத்துப் போனதா, திருப்பி விட்டதா என்று கேட்டான். அதுவரைக்கும் என்னைப் புளுகன் என்று சொன்னபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றைக் கூட்டாமல் சொல்கிறேன், அதைப் போய்ச் சிரிக்கிறார்களே என்று இருந்தது.

மத்தியானம் அமீனா நனைந்து வந்தார். அவரை ஈரம் துவட்டக்கூட விடாமல் சொன்னேன். நின்றபடியே நிறம், மூக்கு, கால் எல்லாம் குறுக்கே கேட்டார். கடைசியில் எவ்வளவு பெரியது என்றார். விரலை மடக்கிக் கட்டைவிரலைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற யாரு பாத்தாங்க?”

“யாருமில்ல மாமா.”

“ஒத்தச் சாட்சி. செல்லாது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் முழுக்க அவர் சைக்கிளுக்கு அவரையே காற்றடிக்க வைத்தேன். அவரும் மூச்சு வாங்க அடித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சிதம்பரம் போனோம். பேசிக்கொள்ளாமல்தான் போனோம். வாத்தியார் வீட்டில் காப்பி வந்தது. விடக்கூடாது என்று நானே எடுத்துச் சொன்னேன். வாத்தியார் முதலில் புன்சிரிப்போடுதான் கேட்டார். என் எருமைக்கன்றுக் கூழைக்கடா எல்லாம் அவருக்கும் தெரியும். மூன்று விரல் என்றதும் டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து, எனக்குப் படம் தெரியாதபடி பிரித்து வைத்துக்கொண்டு, மூக்கு என்ன நிறம், காது ஓரம் என்ன நிறம் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அது மேற்கே மலைக்காட்டுப் பக்கம் இருக்கிற மீன்கொத்தி, இந்தக் கரையில் யாரும் பார்த்ததாக அவர் படித்ததில்லை, மழைக்காற்றில் திசை தவறி வந்திருக்கலாம் என்றார். சஞ்சிகைக்கு எழுத வேண்டிய விஷயம் என்றார்.

ஆனால் அவரும் நியாயஸ்தர். ஒருவர் சொன்னதை வைத்து எப்படி எழுதுவது என்று தயங்கினார். அமீனா பக்கம் திரும்பினார்.

“நீங்க பாத்தீங்களா சார்?”

அமீனா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று நானே சொல்ல வாயெடுத்தேன். நான் முந்துவதற்குள் அவர் தலையைத் தூக்கினார்.

“பாத்தேன்.”

ஒரே வார்த்தை. நத்தைகுத்தி நாரைக்கு ஐந்தாவது கண் வரைக்கும் எண்ணிப் பார்த்த மனிதர்.

“நீங்க பாத்ததுன்னா அப்புறம் பேச்சே இல்ல” என்று வாத்தியார் பேனாவை எடுத்தார்.

திரும்பி வர அமீனாவும் நானும் ரயில் ஏறினோம். புதுச்சத்திரத்தில் வேர்க்கடலை வாங்கி என் கையில் கொட்டினார். அப்போது கேட்டேன்.

“ஏன் மாமா அப்பிடிச் சொன்னீங்க?”

அவர் ஜன்னலுக்கு வெளியே தேங்கிய தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். “கோர்ட்டுல தெனம் பாக்கறேன்ப்பா. பொய் சொல்றவன் கைய விரிப்பான். நீயும் இத்தினி வருசமா எந்தப் பறவைக்கும் கைய விரிச்சுத்தான் காட்டின. அன்னிக்கு ஒண்ணுக்குத்தான் கைய மூடிக் காட்டின.”

கடலையை உரித்து அவர் கையில் பாதி வைத்தேன்.

“ஆனா நான் பாக்காதத பாத்தேன்னு சொன்னது சொன்னதுதான்” என்றார். “அத நேர் பண்ணணும்.”

எப்படி நேர் செய்வார் என்று மறுநாள் காலை தெரிந்தது. விடிந்து நான் பின்கதவைத் திறந்தால், கொட்டகையில் அந்த சைக்கிளுக்கு எதிரே முக்காலி போட்டுப் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பறவை திரும்ப வரும், வந்தால் தான் சொன்னது உண்மையாகிவிடும் என்பது அவர் கணக்கு. சைக்கிள் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அதை வாடகைக்கு விடக்கூடாது. ஹேண்டிலுக்கு மட்டும் நான் அவ்வப்போது பாலீஷ் போட்டுக் கொடுக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற நேரம் வரும்வரை அசைய மாட்டார். மழை விட்ட காலை ஒன்றைக்கூடத் தவற விடவில்லை. அந்த வருசம் மட்டும் அல்ல, அடுத்த ஐப்பசியும், அதற்கடுத்ததும்.

அத்தை காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்வார். “மனுசனுக்கெல்லாம் சம்மன் குடுத்து முடிச்சாச்சு. இப்ப குருவிக்குக் குடுத்துட்டு ஒக்காந்துகீறாரு. அது வாய்தாவுக்கு வரணுமில்ல?”

அந்த முக்காலியில் உட்கார்ந்தே எங்கள் தோட்டத்துக்கு வந்த ஆறுமணிக்குருவி, செண்பகம், மரங்கொத்தி எல்லாவற்றையும் பார்த்து முடித்தோம். வர வேண்டியது வரவில்லை.

இதற்கிடையில் சஞ்சிகை அச்சாகி வந்தது. வாத்தியார் எங்களுக்குப் படித்துத் தமிழில் சொன்னார். கடலூரில், ஒரு சைக்கிள் கடையின் பின்புறத் தோட்டத்தில், சைக்கிள் ஹேண்டில்மேல், இன்ன பறவை, பார்த்தவர் கோர்ட் அமீனா இன்னார். அவ்வளவுதான் இருந்தது. என் கடை அச்சில் ஏறிவிட்டது. என் சைக்கிள் ஏறிவிட்டது. நான் மட்டும் ஏறவில்லை. இவன் பெயரையும் போடுங்கள் என்று அமீனா அப்போதே சொல்லியிருக்கிறார். நம்பகமான ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று அங்கே இருப்பவர்கள் சுருக்கிவிட்டார்களாம். அன்றைக்கு எனக்கு முன்னால் அவர் நின்ற நிலை, சம்மன் வாங்கியவன் நிற்கிற மாதிரி இருந்தது. பரவாயில்லை மாமா என்று சொன்னேன். பரவாயில்லை என்று சொன்னேனே தவிர, மறக்கவில்லை.

பிறகு அவரைச் சிதம்பரம் கோர்ட்டுக்கு மாற்றினார்கள். தட்டுமுட்டுச் சாமானை என் ஆட்களை வைத்து நான்தான் ஏற்றினேன். போகும்போது அந்த சைக்கிளை மட்டும் எடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். கொட்டகையில் நல்ல வண்டி ஒன்று சும்மா நிற்கிறதே என்று கடையில் எல்லோரும் கேட்டார்கள். அது வழக்கில் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ஒரு ஐப்பசி மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது. கடலூர் முதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல், நனைந்துகொண்டே கடைக்குள் வந்து என் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தார் அமீனா. முகம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்புக்குக் கீழே ஒரு தவிப்பு.

“நேத்து காலையில வந்துதுப்பா. கெணத்தடியில, துணி காயப்போடற கொடிமேல. மூக்கு பவழம். வெரல எண்ணிட்டேன், மூணுதான்.”

“கூட யாரு மாமா?”

“யாருமில்ல. உங்க அத்த கோயிலுக்குப் போயிட்டா. பக்கத்து வூட்டுல கூப்புட்டேன், வர்றதுக்குள்ள போயிடுச்சு.” அவரே தீர்ப்பும் சொன்னார். “செல்லாது.”

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“எவ்ளோ பெருசு மாமா?”

அவர் நாலு விரலையும் மடக்கிக் கட்டைவிரலைக் காட்டினார். அப்புறம் யோசித்து, இன்னொரு கையால் அதன் அடிப்பாகத்தைக் கொஞ்சம் மறைத்தார்.

“செல்லும்” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளே அந்த சைக்கிளை வாடகைக்கு விட்டேன்.

அவர் போய் வெகுகாலம் ஆயிற்று. இப்போது பிச்சாவரத்துக்கு முழ நீளக் கேமராவோடு பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். கடலூர்ப் பக்கத்துப் பறவைகளை எல்லாம் தொகுக்கிறோம் என்று இரண்டு பேர் என் கட்டடத்துக்கு வந்தார்கள். அந்த மீன்கொத்தியை இங்கே முதலில் பார்த்தவர் ஒரு கோர்ட் அமீனா என்று எனக்கே சொன்னார்கள். பார்த்தது நான் என்றேன். பெரியவர் சொல்கிறார் என்று மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். பெல் அடித்ததா என்று கேட்டவன் ஆட்டிய அதே தலை.

அதனால் எழுத்தில் சொல்கிறேன். அமீனாவின் பெயரை இங்கே நான் போடவில்லை, அது ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. அவர் சொன்னதைப் பொய் என்றும் யாரும் எழுத வேண்டாம். தான் பார்த்ததைச் சொல்லவில்லை, என்னைப் பார்த்ததில் தெரிந்ததைச் சொன்னார். சிதம்பரத்துக் கொடிமேல் வந்த பறவை அவருடையது. அதற்கு நான் சாட்சி. கடலூர் ஹேண்டில்மேல் வந்த பறவை என்னுடையது. அதற்கு அவர் சாட்சி. அந்த வரியைத் திருத்தி, பார்த்தவன் என்கிற இடத்தில் என் பெயரைப் போட வேண்டும். மண்டபத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெரிய எழுத்தாகக் கேட்டு வாங்கியவன்தான் நான். இந்த ஒன்றுக்கு மட்டும் சின்ன எழுத்து போதும்.